போனவர் பிரசரும் நின்றவர் பிரசரும்

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம் ஒன்று ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. மலையகத் தமிழர் இந்த மண்ணுக்கு வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைந்து, முன்னோர் நடந்த அதே திசையில் நடந்தார்கள். கோப்பிக் காலத்தில் அது காட்டு வழி. தமிழகத்துக் கிராமங்களில் பஞ்சம் தாங்காமல் கங்காணியின் பின்னால் கிளம்பியவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை, நாவுல என்று கால்நடையாகவே வந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் ஆயிரக்கணக்கானோரை வழியிலேயே கொண்டுபோயின. தப்பியவர்களுக்கு மலைநாட்டின் வாசல் மாத்தளை. மாசி மகத்துக்குப் பஞ்சரதம் ஓடும் முத்துமாரியம்மன் கோயில் அந்த வாசலில்தான் நிற்கிறது.

அன்று வந்து சேரும் ஊராக இருந்த மாத்தளை, இன்று கிளம்பிப் போகும் ஊராகவும் இருக்கிறது. ரத்தோட்டை, எல்கடுவை, உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். இளைஞர்கள் கொழும்பில் புறக்கோட்டைக் கடைகளுக்கும் சைவக் கடைகளுக்கும் போகிறார்கள். பெண்பிள்ளைகள் கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். பொருளாதாரம் முறிந்த 2022இல் மட்டும் நாடு முழுவதிலுமிருந்து வெளிநாட்டு வேலைக்கு 3 இலட்சத்துக்கும் கூடுதலானோர் போனார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் பின்னால் ஒரு வீடு நிற்கிறது. அந்த வீட்டில் யாரோ ஒருவர் நிற்கிறார்.

இந்தக் கட்டுரை அந்த இரு சாராரின் இரத்த அழுத்தத்தைப் பற்றியது. ஊரில் எல்லோரும் சொல்வதுபோல் பிரசர் என்றே சொல்வோம்.

இலங்கையில் வயதுவந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குப் பிரசர் இருப்பதாக 2021ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு காட்டியது. உலக சுகாதார அமைப்பின் கணக்கில் 2019இல் உலகெங்கும் 30 முதல் 79 வயதுக்குள் ஏறத்தாழ 130 கோடிப் பேருக்கு அது இருந்தது. அவர்களில் பாதிக்குக் கிட்ட, தமக்கு அது இருப்பதையே அறியாதவர்கள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஒரு நாள் வாய் கோணும், கை விழும், அப்போதுதான் தெரியவரும். காரணம் கேட்டால் வைத்தியர் உப்பு, உடற்பருமன், சாராயம், புகை, பரம்பரை என்பார். எல்லாம் உண்மை. தோட்டத்து லயன் வீடுகளில் கேட்டால் வேறு பதில் வரும்: “யோசிச்சு யோசிச்சே பிரசர் வந்திருச்சுங்க.” வைத்தியசாலையில் இந்தப் பதிலைச் சிரித்துக் கடந்துவிடுவார்கள். எனக்கு அது சிரித்துக் கடக்கும் பதிலாகத் தெரியவில்லை. அறுபது ஆண்டுகளாக உலகின் பல மூலைகளில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததும் அந்தப் பதிலைச் சுற்றித்தான்.

ஆபத்து என்று மூளை உணர்ந்த நொடியில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, குழாய்கள் இறுகுகின்றன, சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. பாம்பைக் கண்டு ஓடுகிறவருக்கு இது காவல். ஓடி முடித்ததும் அழுத்தம் இறங்கிவிடும். கடன், அடுத்த மாதச் சம்பளம், தூர தேசத்தில் இருக்கும் மகள் என்று ஆபத்து ஓயாமல் இருந்தால் இந்த ஏற்பாடும் ஓய்வதில்லை. தூக்கம் குறைகிறது. தூங்கும்போது இறங்க வேண்டிய அழுத்தம் சரியாக இறங்குவதில்லை. ஆண்டுகள் போகப் போகக் குழாய்ச் சுவர் தடிக்கிறது. மனம் நேராகச் செய்வது இவ்வளவு என்றால், சுற்றிவந்து செய்வது இன்னும் அதிகம். கவலையில் இருப்பவர் சமைப்பதை விட்டுக் கருவாட்டுச் சம்பலோடு பாண் தின்பார், குடிப்பார், குளுசையை மறப்பார். ஆகவே உப்பா மனமா என்று சண்டை பிடிப்பதில் பயனில்லை. பல வீடுகளில் மனம்தான் உப்பை அள்ளிப் போடுகிறது.

இடம்பெயர்வதால் அழுத்தம் ஏறுமா என்ற கேள்விக்குக் கென்யாவில் ஒரு நல்ல ஆய்வு நடந்தது. விக்டோரியா ஏரிப் பக்கத்து லுவோ கிராமத்தவர் நைரோபிக்கு வேலை தேடிப் போவது வழக்கம். நீல் பூல்டரும் கூட்டாளிகளும் நைரோபிக்கு வந்து சேர்ந்தவர்களைப் புதிதாக இருக்கும்போதே பிடித்து, ஊரில் நின்றவர்களோடு ஒப்பிட்டு ஈராண்டு தொடர்ந்து அளந்தார்கள். முடிவு 1990இல் வெளியானது. வந்து சில காலத்திலேயே போனவர்களின் அழுத்தம் நின்றவர்களைவிட ஏறியிருந்தது, அப்படியே நின்றது. சிறுநீரில் உப்புக் கூடியிருந்தது. நாடித் துடிப்பும் வேகம் கொண்டிருந்தது. உப்பு நகரத்துச் சாப்பாட்டிலிருந்து வந்தது. நாடியின் வேகத்துக்குக் காரணம் நரம்பு மண்டலத்தின் பதற்றமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

பசிபிக்கில் தொக்கெலவு என்ற சின்னஞ்சிறு தீவுக் கூட்டத்தை 1966இல் புயல் அடித்தது. அதன்பின் நியூசிலாந்து அங்கிருந்து பலரைக் குடியேற்றியது. இயன் பிரையர் குழு இரு பக்கத்தையும் நீண்ட காலம் பின்தொடர்ந்தது. போனவர்களுக்கு எடையும் கூடியது, அழுத்தமும் கூடியது. அவர்களுக்குள்ளும் ஒரு வேறுபாடு தெரிந்தது. தம் மக்களோடு ஒட்டி வாழ்ந்தவர்களைவிட, புதிய சமூகத்துக்குள் அதிகம் கலந்தவர்களுக்கு அழுத்தம் கூடுதல். கலிபோர்னியாவில் ஜப்பானியர்களைப் படித்த மார்மோட்டும் சைமும் 1976இல் இதற்குப் பக்கத்தில் நிற்கும் ஒன்றைக் கண்டார்கள்: பழைய உறவும் ஊர்க்கூட்டமும் விடாதவர்களிடம் இதய நோய் ஜப்பானில் உள்ள அளவுக்கே குறைவாக இருந்தது. ஊர் மாறியவருக்குப் பக்கத்து வீடு கிடைத்ததா, கோயில் கிடைத்ததா, தாய்மொழியில் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்ததா என்பதும் இரத்தக் குழாய்க்குத் தெரிகிறது.

நின்றவர்களைப் பற்றிய ஆய்வு குறைவு. இருப்பதில் என்னை மிகவும் நிறுத்திவைத்தது இத்தாலியின் உம்ப்ரியா மடத்துக் கன்னியர் பற்றியது. வெளியுலகத் தொடர்பில்லாமல் ஜெபமும் வேலையுமாக வாழ்ந்த 144 கன்னியரையும், அதே பகுதியில் குடும்பம் நடத்திய பெண்களையும் திமியோ குழு இருபது ஆண்டு தொடர்ந்தது. வெளியிலிருந்த பெண்களுக்கு வயதோடு அழுத்தம் ஏறியது. கன்னியருக்கு ஏறவேயில்லை என்று சொல்லலாம். இரு சாராரும் உண்ட உப்பில் பெரிய வித்தியாசமில்லை.

இங்கே மாத்தளைக்குத் திரும்புவோம். ஏனென்றால் இடம் மாறாத வாழ்வு அமைதியான வாழ்வு என்று அந்த மடத்தை வைத்து முடிவு கட்டினால் லயத்தைப் புரிந்துகொள்ள முடியாது. தோட்டத்தில் ஐந்து தலைமுறை ஒரே காம்பராவில் இருந்த குடும்பம் உண்டு. அந்தக் காம்பரா அவர்களுடையதல்ல. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைக் குடியுரிமை அற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அண்ணன் ஒரு பட்டியலில், தம்பி ஒரு பட்டியலில். கோச்சி ஏறித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறியவர்கள் நீலகிரியின் கூடலூர் போன்ற இடங்களில் கொழுந்து பறித்தார்கள். நின்றவர்கள் 1977, 1983 இனக்கலவரங்களைப் பார்த்தார்கள். எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை முழுமையாகத் தீர்ந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். காணி இன்னும் தீரவில்லை. 2023 ஆகஸ்டில் எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு குடும்பம் போட்ட தற்காலிகக் குடிசையை நிர்வாகத்துக்காரர் உடைத்த காட்சி நாடெங்கும் பரவியது. நடைபயணம் மாத்தளைக்கு வந்து சேர்ந்த அதே மாதம். பிறந்த காம்பராவில் இருப்பவரும் நாளைக்கு எங்கே என்று தெரியாதவர் என்றால், அவரை ‘இடம்பெயராதவர்’ என்று படிவத்தில் குறிப்பதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

வேலையும் அப்படியே. 1979இல் ராபர்ட் கராசெக் என்ற சமூகவியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார்: வேலைப் பளு மட்டும் உடம்பைக் கெடுப்பதில்லை, பளு கூடவும் அதன்மேல் தன் சொல் செல்லாமலும் இருக்கும் நிலை கெடுக்கிறது. கொழுந்தெடுக்கும் பெண்ணை விட இதற்கு வேறு சாட்சி வேண்டாம். விடிகாலை எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளை மடுவம் என்ற தோட்டத்துக் காப்பகத்தில் விட்டு, பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்குப் போய் நிற்கிறார். எந்த மலை, எத்தனை கிலோ என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. நிறுவையில் எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் அவர் தீர்மானிப்பதில்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். மழை பெய்தால் கொழுந்தில் ஈரமென்று கழிவு, வெயில் அடித்தால் கொழுந்தே இல்லை. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கு ஆண்டுக்கணக்கில் போராடி 2021இல்தான் அது வந்தது. அடுத்த ஆண்டே விலைவாசி அதைத் தின்றுவிட்டது.

இப்படியொரு வீட்டிலிருந்துதான் ஒருத்தி வெளிநாட்டுக்குப் போகிறாள். பெரும்பாலும் கடனை அடைக்க, அல்லது கூரையைப் போட. அவளுக்குப் பிரசர் இருந்தால் அதை மறைக்க அவளுக்கு நல்ல காரணம் உண்டு. வளைகுடாவுக்குப் போகுமுன் மருத்துவப் பரிசோதனை செய்வார்கள். அதில் விழுந்தால் ஏஜென்சிக்குக் கட்டியது, தாலியை அடகு வைத்தது எல்லாம் வீண். ஆகவே போகிறவர்கள் பெரும்பாலும் இளவயதும் உடல்நலமும் உள்ளவர்கள், அல்லது நலமென்று காட்டிக்கொண்டவர்கள். போனவர்களையும் நின்றவர்களையும் ஒரே நாளில் அளந்து ஒப்பிட்டால் போனவர்கள் நலமாகத் தெரிவது இதனால்தான். நலிந்தவரை ஊர் வைத்துக்கொண்டது, பலசாலியை அனுப்பிவிட்டது. அந்தப் பலசாலி பத்தாண்டு கழித்து என்னவாகத் திரும்பினாள் என்பதை அளந்தால்தான் கணக்கு நேராகும்.

அங்கே அவளுக்கு வேலைநேரம் என்று ஒன்று கிடையாது. எசமானி தூங்கிய பின் தூங்கி அவர் எழுமுன் எழ வேண்டும். கடவுச்சீட்டு பல வீடுகளில் எசமானின் அலுமாரியில். தலைவலித்தால் பெனடோல் கொடுப்பார்கள், அழுத்தம் அளந்து பார்க்க மாட்டார்கள். சமையலறையில் நின்றே சாப்பிடுகிறாள். கேட்க ஆளில்லாத மொழியில் ஏச்சு வாங்குகிறாள். நைரோபிக்குப் போன லுவோ இளைஞனுக்காவது தன் ஊர்க்காரர்கள் அந்த நகரத்தில் இருந்தார்கள். இவளுக்கு வட்ஸ்அப் மட்டும்தான் ஊர்.

ஆனாலும், நான் இதில் எதிர்பாராத பக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். போனவர்களில் சிலர் போனதால் ஆறுதல் கண்டவர்கள். குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து தப்பியவள், முதன்முதலாகத் தன் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்தவள், லயத்தை விட்டுத் தனி வீடு கட்டியவள். அவளுக்கு அந்தப் பயணம் தன் வாழ்வில் தானே எடுத்த முதல் முடிவு. நல்ல வீடு வாய்த்து, மாதச் சம்பளம் ஒழுங்காகக் கிடைத்தால் அவள் நெஞ்சு ஊரில் இருந்ததைவிட அமைதியாகவும் துடிக்கலாம். தானாகப் போனாளா, தள்ளப்பட்டுப் போனாளா என்பதை விட்டுவிட்டு, ‘போனாளா’ என்று மட்டும் கேட்பதால் நமக்குக் கிடைப்பது அரைப் பதில்.

இதே கேள்வி மாவட்டத்தின் மறுகோடியில், சிங்களக் கிராமங்களிலும் எழுகிறது. அம்பன் கங்கையில் மொரகஹகந்த அணை கட்டி 2017இல் நீர் தேங்கத் தொடங்கியது. களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய லக்கல நகரமே நீருக்குள் போனது. பத்துப் பன்னிரண்டு தலைமுறை ஒரே ஓடையில் குளித்தவர்கள் புதிய குடியேற்றங்களில் வரிசை வீடுகளுக்கு வந்தார்கள். இழப்பீடு கிடைத்தது, வீதியும் மின்சாரமும் கிடைத்தன. மிளகுக்கொடி ஏறிய மரமும், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியம்மாவும் கிடைக்கவில்லை. நாட்டுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. குடியேற்றும்போது அயலவரை அயலவராகவே குடியேற்ற வேண்டும் என்பதற்குத் தொக்கெலவுக் கதை போதிய சான்று.

இனி, இந்தக் கட்டுரை எழுதப்பட்டதற்குக் காரணமான ஆள்: அம்மாயி.

மகள் போன அன்றிலிருந்து பேரப்பிள்ளைகள் அம்மாயி பொறுப்பு. அவர் ஐம்பத்தைந்து அறுபது வயதில் இரண்டாம் முறை தாயாகிறார். சிலர் இன்னும் பேர் போட மலைக்குப் போகிறார்கள். பாடசாலைக்கு அனுப்ப வேண்டும், பெரியவளை வயதுக்கு வந்தவள் என்று காவல் காக்க வேண்டும், மருமகன் குடித்துவிட்டு வந்தால் வாசலில் நின்று சமாளிக்க வேண்டும். காசு வந்தால் யாருக்கு எவ்வளவு என்ற சண்டைக்கும் அவரே நடுவர். காசு வராத மாதம் கடைக்காரருக்கும் சீட்டுக்காரருக்கும் நுண்கடன் கம்பனிக்காரருக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். இரவு பத்து மணிக்கு வர வேண்டிய அழைப்பு வரவில்லையென்றால் அந்த இரவு தூக்கமில்லை. மகளிடம் தன் நோயைச் சொல்ல மாட்டார், அங்கே அவள் அழுவாள் என்று. மகளும் தன் பாட்டைச் சொல்ல மாட்டாள், இங்கே அம்மா விழுந்துவிடுவார் என்று. இரண்டு பேரும் “நல்லா இருக்கேன்” என்றே மாறி மாறிச் சொல்லிக்கொள்கிறார்கள்.

செஸ்மல் சிறிவர்தனவும் அவருடைய குழுவினரும் வெளிநாட்டுத் தொழிலாளர் அதிகம் போகும் மாவட்டங்களில் பின்னால் விடப்பட்ட குடும்பங்களைப் பற்றி ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவு இதையே காட்டியது. மனச்சோர்வின் பாரம் வாழ்க்கைத் துணைகளைவிடப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர்மேல் அதிகம் இருந்தது. மனச்சோர்வு உள்ளவர் குளுசையை ஒழுங்காக எடுப்பதில்லை, கிளினிக் திகதியை விடுகிறார் என்பது உலகெங்கும் வைத்தியர்கள் அறிந்தது. அம்மாயிக்கு வரும் பிரசரை வெளிநாட்டு வேலையின் செலவுக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. அனுப்பிய டொலர் மத்திய வங்கியின் கணக்கில் ஏறுகிறது. அதற்கு விலையாக விழுந்த பாட்டியின் கை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

மருந்து இலவசம் என்பது உண்மை, அதில் இந்த நாடு பெருமைப்படலாம். ஆனால் மாத்தளை வைத்தியசாலையின் கிளினிக்குக்குப் போக ஒரு நாள் பேர் போகிறது. மலையிலிருந்து இறங்கி முதல் பஸ் பிடித்து, நம்பர் எடுத்து, கிளினிக் கொப்பியை நீட்டி, வரிசையில் நின்று மருந்து வாங்கி வீடு சேர மத்தியானம் தாண்டும். நாட்சம்பளக்காரருக்கு இலவச மருந்தின் விலை ஒரு நாட்சம்பளமும் பஸ் காசும். 2022இல் வைத்தியசாலையில் மருந்து தட்டுப்பட்டு வெளியில் வாங்கத் துண்டு எழுதிக் கொடுத்தபோது பலர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விழுங்கினார்கள். குளுசைப் பையில் எழுதியிருப்பது சிங்களத்தில் இருந்தால், பேரன் பாடசாலை விட்டு வரும்வரை எது காலைக்கு எது இரவுக்கு என்று தெரியாது.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கிளினிக் கொப்பியைக் காட்டினால் அந்த நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் இதைக் கேட்கலாம். சிறு குழந்தையுள்ள பெண் வெளிநாடு போக 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கத் தொடங்கினார்கள், பிள்ளையை யார் பார்ப்பார் என்று விசாரித்தார்கள். அதைப் பெண்ணைத் தடுக்கும் வாயிற்கதவாகப் பாவித்ததில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பொறுப்பேற்கும் அந்த மூத்தவளின் அழுத்தத்தை அன்றே அளந்து, ஆண்டுதோறும் அளக்க ஏற்பாடு செய்திருந்தால் அந்த அறிக்கை ஒரு குடும்பத்துக்காவது உதவியிருக்கும்.

35 வயதைத் தாண்டியவர்களைச் சோதிக்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களை அரசு 2011 முதல் நாடெங்கும் நடத்துகிறது. அங்கே போக வேண்டியவர்களில் போகாதவர்களே அதிகம், அதிலும் தோட்டத்தவர்கள். அவர்களைத் தேடி வர ஓர் இடம் தோட்டத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு நாளும் காலையில் அம்மாயிமார் பேரப்பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளை மடுவத்துக்கு வருகிறார்கள். தோட்டத்து மருத்துவிச்சி குழந்தைகளை நிறுக்க மாதத்தில் ஒரு நாள் அங்கே வருகிறார். அன்று அவர் பையில் ஒரு பிரசர் கருவியும் இருக்கட்டும். குழந்தையை நிறுத்த பின் தூக்கிவந்தவரின் கையிலும் பட்டியைச் சுற்றட்டும். அழுத்தத்தை எழுதும்போது, பிள்ளையின் அம்மா எங்கே இருக்கிறார், போன வாரம் பேசினாரா, இரவில் தூக்கம் வருகிறதா என்று தமிழிலேயே கேட்கட்டும். பதிலை அதே கொப்பியில் எழுதட்டும். அடுத்த மாதமும் அவரையே கேட்கட்டும்.